காரை விழுந்த பக்கம்

என் கொழுந்தன் கோர்ட்டில் டவாலியாக இருந்தவன். நீதிபதிக்கு முன்னால் நடப்பதும், வாசலில் நின்று கட்சிக்காரர் பேரை மூன்று தரம் கூப்பிடுவதும்தான் வேலை. மார்பில் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை, அதில் ஒரு பித்தளை வில்லை. அவ்வளவுதான் பதவி. ஆனால் அவன் நடையைப் பார்த்தால் நீதிபதிதான் அவனுக்குப் பின்னால் குடை பிடிக்க வந்தவர் மாதிரி இருக்கும். குரல் மட்டும் ஆண்டவன் கொடுத்தது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் வாசலில் நின்று கூப்பிட்டால் எதிர்சாரி முடிவெட்டும் கடையில் பாதி முகத்தில் சோப்போடு ஆட்கள் எழுந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கேஸே இருக்காது.

அந்தக் கோர்ட் வெள்ளைக்காரன் மாதிரி யாரோ உயரமானவர்கள் கட்டிய கட்டடம். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள். இவ்வளவு பெரிய தூண் எதுக்குடா என்று என் வீட்டுக்காரர் ஒரு தரம் கேட்டார். “உள்ள வர்றவன் சின்னவனாத் தெரியணும்ல அண்ணே” என்றான் தம்பிக்காரன். அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு ஊருக்கு வெளியே புதுக் கோர்ட் கட்டினார்கள். மேசை, பீரோ, காற்றாடி, கதவுத் திரை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீதிபதியின் நாற்காலியை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. அது அந்தக் கூடத்துக்குள்ளேயே வைத்துச் செய்த நாற்காலி, கதவைவிட அகலம். இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போனார்கள், அது என் கொழுந்தன். “உத்தரவு வர்ற வரைக்கும் நீ இங்க பார்த்துக்க” என்றார்களாம். உத்தரவு வரவில்லை. சம்பளம் தவறாமல் வந்தது, வேலைதான் வரவில்லை. ஓய்வு வயதும் வந்து போனது. அப்போதும் அவனைக் கிளம்பச் சொல்ல ஓர் ஆளில்லை. யாராவது நினைத்தால்தானே சொல்வார்கள்?

பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு உள்ளேயே குடிபோய்விட்டான். டைப் அடிக்கிறவர்கள் உட்கார்ந்த அறையில் அடுப்பு. வக்கீல்கள் அறையில் துணிக்கொடி. கொடியில் என் ஓர்ப்படியின் பாவாடை ஆடும்போது, சுவரில் பெரிய பெரிய வக்கீல்களின் படம் மாட்டியிருந்த வெள்ளைச் சதுரங்கள் தெரியும். படங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சதுரங்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆளில்லாத வீடு எப்படிச் சாகும் என்று அங்கேதான் பார்த்தேன். முதலில் புறா வந்தது. பிறகு மழை. மேல் ஜன்னலில் கலர் கண்ணாடி ஒவ்வொன்றாக விழுந்து, வெயில் வரும்போது தரையில் சிவப்பும் பச்சையும் விழுந்த இடத்தில் வெறும் வெயில் விழுந்தது. சுவரில் பச்சைச் சாயம் உரிந்தால் அடியில் மஞ்சள், மஞ்சள் உரிந்தால் அடியில் நீலம். எந்தெந்த அதிகாரிக்கு எந்தக் கலர் பிடித்தது என்று சுவரே தோலை உரித்துக் காட்டியது. இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி நின்றது, குளித்துவிட்டு வந்த ஆட்கள் வரிசையாகச் சாய்ந்து நின்ற மாதிரி. கரையான் பெஞ்சை உள்ளே தின்று தோலை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. பார்த்தால் பெஞ்சு, உட்கார்ந்தால் தூள். சாட்சிக் கூண்டில் ஒரு பூனை குட்டி போட்டது. அந்தக் கூண்டுக்குள் பொய் சொல்லாமல் இருந்தவை அந்தக் குட்டிகள்தான்.

எல்லாவற்றையும்விட மோசம் கூடத்தின் கூரை. மரச்சட்டம், அதற்கு மேல் செங்கல், அடியில் சுண்ணாம்புக் காரை. மேல்மாடியில் பழைய கேஸ் கட்டுகளை அடுக்கிய அறை இருந்தது. அதன் ஓடு உடைந்து, மழை அந்தத் தளத்தில் தேங்கி, கீழே கூடத்துக்கு இறங்கும். இறங்குகிற இடமெல்லாம் காரை உப்பும். உப்பினது ஒரு நாள் பொத்தென்று விழும்.

ஓர் என்ஜினியர் வந்து அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்ததோ என்னவோ, சீக்கிரமே குனிந்துகொண்டு, மண்டை ஓடு படம் போட்ட ஒரு பலகையை வாசலில் அடித்துவிட்டுப் போனார். எனக்கு எழுத்து தெரியாது, மண்டை ஓடு தெரியும். “தம்பி, இது கிளம்புன்னு சொல்றதுடா” என்றேன். “இல்ல அண்ணி, கவர்மென்டு இன்னும் இந்த இடத்தை மறக்கலன்னு அர்த்தம்” என்று அந்தப் பலகையைத் தினமும் துடைத்து வைத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அவன் நீதிபதியானான்.

அது தானாக வந்த பதவி. ஒரு மழை நாளில் இஸ்திரி போடுகிறவரும் முடிவெட்டும் கடைக்காரரும் சாக்கடையை யார் அடைத்தது என்று தெருவில் கட்டிப் புரண்டார்கள். “நனையாதீங்கய்யா, உள்ள வந்து சண்டை போடுங்க” என்று இவன் கூடத்துக்குள் கூட்டி வந்தான். பழைய பழக்கம், இருவரையும் மூன்று தரம் கூப்பிட்டான். அவர்களும் பழைய பழக்கம், நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நாற்காலியில் யாருமில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் “ஐயா” “ஐயா” என்று அதைப் பார்த்தே பேசினார்கள். இஸ்திரிக்காரர், “நான் அடைச்சிருந்தா…” என்று கையைத் தூக்கினார். மேலேயிருந்து ஒரு கைப்பிடி காரை அவர் தோளில் விழுந்தது.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு நாற்காலியைப் பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் தோளைத் தட்டிவிட்டார். “சரி, நானே வாரி விட்டுடறேன்” என்றார். வெளியே போய்ச் சாக்கடையை வாரினார்.

அவ்வளவுதான், தெருவே வந்தது. மதில் தகராறு, குழாயடித் தகராறு, அத்தை சீர் செய்யவில்லை என்ற தகராறு. புதுக் கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில் தீர்ப்பு வரும். இங்கே மத்தியானத்துக்குள் காரை விழும். காரை விழுந்த பக்கம் தோற்ற பக்கம். நான் என் வீட்டுக்காரரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன், “உங்க ஊர்ல மனுஷன் சொன்னா கேக்க மாட்டான், சுண்ணாம்பு சொன்னா கேப்பான்.” அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு வரப்புத் தகராறு இருந்தது, போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

உள் சங்கதி எனக்கு என் ஓர்ப்படி சொல்லித்தான் தெரியும். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. என் வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

“அக்கா, காரை தானா விழறதில்ல.”

“பின்ன?”

“நான்தான் ஊத்தறேன்.”

முதல் நாள் சாயங்காலமே இவன் முடிவு பண்ணிவிடுவானாம், யார் தோற்க வேண்டும் என்று. தோற்க வேண்டியவனை எந்த இடத்தில் நிறுத்துவது என்றும் குறித்துவிடுவானாம். துரைக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. ஆகவே இவள் ஒரு செம்புத் தண்ணீரோடு மேலே போய், சரியாக அந்த இடத்துக்கு மேலே, செங்கல் சந்தில் மெதுவாக விட்டுவிட்டு வர வேண்டும். அதிகம் விட்டால் கட்டி விழுந்து மண்டை உடையும், கம்மியாக விட்டால் தூசிதான் உதிரும். அந்த அளவு அவள் கைக்குத்தான் தெரியும்.

“நியாயமானவங்க பக்கம்தானே ஜெயிக்க வைக்கறான்?” என்று கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“நியாயமாவது, அக்கா! போன வாரம் சைக்கிள் கடைக்காரர் தோத்தாரே, எதுக்குத் தெரியுமா? இவரு சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போனப்ப, வரிசையில நில்லுங்கன்னு சொன்னாராம்.”

சிரித்தோம். வெங்காயமா சிரிப்பா தெரியவில்லை, இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். பிறகு அவளுக்கு மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் சொன்னாள். நேற்று விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறாள். செம்பை வாயில் வைத்தபோது பின்னால் சத்தம். திரும்பிப் பார்த்தால் அவள் தலையணை மேல் ஒரு கட்டி காரை, அம்மிக் கல் அளவு. தலையணைப் பஞ்சு அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்ததாம்.

“இவரு எந்திரிச்சுப் பார்த்துட்டு, ‘அது நான் குறிச்ச இடம் இல்லையே’ன்னாரு அக்கா.”

நான் உடனே போய் அவனைப் பிடித்தேன். எங்கள் வீட்டுப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை சும்மாக் கிடந்தது. நல்ல தகரம், ஒரு சொட்டு ஒழுகாது. “ரெண்டு பேரும் வந்துடுங்கடா” என்றேன்.

“தகரமா?” என்றான், நான் என்னவோ கோழிக்கூண்டைக் காட்டின மாதிரி. “அண்ணி, ஜட்ஜய்யா நடந்த வராந்தா இது. இங்க இருக்கறவனை மனுஷங்க தேடி வர்றாங்க. உங்க பின்கட்டுக்கு யாரு வருவா?”

“அவ தலையில விழுந்திருந்தா?”

“விழலயே.”

அவள் என் பின்னால் நின்றிருந்தாள். “எனக்கு ஒழுகாத ஒரு கூரை வேணும்ங்க. நீங்களும் கூட வரணும். தனியாப் போயிட்டு, உங்க மேல எப்ப விழுமோன்னு அங்க முழிச்சுக்கிட்டுக் கெடக்க என்னால முடியாது. அவ்வளவுதான் கேக்கறேன்” என்றாள்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. “உனக்கு நியாயம் வேணும்னா, எல்லாரையும் மாதிரி கேஸ் போடு.”

“போட்டேன்” என்றாள்.

தெரு முழுக்கச் செய்தி பரவியது. பரப்பினதே அவன்தான். தன் மேலேயே கேஸ் நடத்தப்போகிற நியாயஸ்தன் என்று ஊர் சொல்ல வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை என்று குறித்தான். அதற்கு முதல் நாள் சாயங்காலம் அவனுக்கு ஒரு சங்கடம் வந்தது. இந்தத் தரம் தண்ணீர் ஊற்றச் சொல்ல ஆளில்லை. ஊற்றுகிறவள்தானே எதிர்க்கட்சி! ஆகவே முட்டியைப் பிடித்துக்கொண்டு அவனே மாடி ஏறியிருக்கிறான். ஒவ்வொரு படிக்கும் அவன் முனகுவது கீழே அடுப்படியில் கேட்டதாம். கையில் செம்பில்லை, வாளி. இறங்கி வந்தான், திரும்பவும் வாளியோடு ஏறினான். அவள் அரிசி களைந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. நான் முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன், பெஞ்சை நம்பவில்லை. அவன் சலவைச் சட்டை போட்டு, பட்டையைக் குறுக்கே மாட்டி, வில்லையை எலுமிச்சை தேய்த்துத் துலக்கி வந்தான். வாசலில் போய் நின்று பெண்சாதி பேரைக் கூப்பிட்டான். கல்யாணமான நாளிலிருந்து “ஏய்” என்றும் “இந்தா” என்றும்தான் கூப்பிட்டிருக்கிறான். அவளுக்கு இப்படி ஒரு பேர் இருப்பது தெருவில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். மூன்றாவது தரம் கூப்பிடும்போது அவன் குரலே கொஞ்சம் கூச்சப்பட்டது.

அவள் வந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தோற்க வேண்டியவர்கள் நிற்கிற இடத்தில், யாரும் காட்டாமலேயே போய் நின்றாள்.

இவன் எதிர்ப்பக்கம் நின்று, நாற்காலியைக் கும்பிட்டு, “ஐயா” என்று ஆரம்பித்து, அப்படியே மேலே பார்த்தான். வாய் மூடவில்லை.

நானும் பார்த்தேன். அவள் தலைக்கு மேலே காரை பானை வயிறு மாதிரி தொங்கியது. ஒரு செம்பு போகிற இடத்தில் இரண்டு வாளி போயிருக்கிறது. சுண்ணாம்பு கறுத்து, நடுவே வெடித்து, வெடிப்பில் உளுத்த மரச்சட்டம் தெரிந்தது. சொட்டு ஒன்று இறங்கி அவள் நெற்றியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

“கொஞ்சம் இப்படித் தள்ளி நில்லு” என்றான் அடங்கின குரலில்.

“எதுக்குங்க?”

“வெளிச்சம் இல்ல அங்க.”

“பரவால்ல. எனக்குப் பேசத்தான் வேணும், பார்க்க வேணாம்.” அவள் நாற்காலியைப் பார்த்துப் பேசினாள். “ஐயா, எனக்கு ஒழுகாத கூரை வேணும். இவரு வர மாட்டேங்கறாரு. நான் சொல்றது தப்புன்னா என் மேலயே விழட்டும்.”

நான் முக்காலியை விட்டு எழுந்துவிட்டேன், அவளை இழுக்க. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் திரும்ப உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் ஒருத்தர் பார்வைக்கு நான் உட்கார்ந்தது அது ஒரு தரம்தான்.

“தள்ளி நில்லுன்னா நில்லேன்டி!”

“கட்சிக்காரங்க நிக்கற இடம் இதுதானே? சைக்கிள் கடை அண்ணன்கூட இங்கதானே நின்னாரு?”

“ஆமாம்மா, அங்கதான் என்னை நிறுத்துனாரு” என்று கூட்டத்திலிருந்து சைக்கிள் கடைக்காரர் குரல் கொடுத்தார். “காதுக்குள்ளகூடச் சுண்ணாம்பு.”

மேலே நறுக்கென்று ஒரு சத்தம். புறாக்கள் சடசடவென்று பறந்தன.

“விழும்டி! நகருடி! நான்தான் ஊத்தினேன், ரெண்டு வாளி, அளவு தெரியாம ஊத்திட்டேன், உன் கால்ல வேணா விழறேன், நகரு!” என்று கத்தினான். அந்தக் குரல் இருக்கிறதே, ஆண்டவன் கொடுத்த குரல், அதிலேயே கத்தினான். முடிவெட்டும் கடை வரை கேட்டது.

அவள் நகர்ந்தாள். அவசரப்படாமல், இரண்டு எட்டு.

முதலில் இஸ்திரிக்காரர்தான் வாயைத் திறந்தார். “ஊத்தினியா? அப்ப என் சாக்கடை?”

“அது தானா விழுந்ததுங்க, சத்தியமா” என்றான் இவன். முதல் கேஸ் மட்டும் நிஜம் என்று இப்போது சொல்லி யார் நம்புவது?

பிறகு எழுந்த கூச்சலைக் கேட்க வேண்டும். தோற்றவர்கள் எல்லாம், அன்றைக்கே சந்தேகப்பட்டேன் என்றார்கள். ஜெயித்தவர்கள் எல்லாம், மற்றதில் தண்ணீர் ஊற்றியிருக்கலாம், என் கேஸில் விழுந்தது தெய்வமாகப் பார்த்துப் போட்ட காரை என்றார்கள். ஒருத்தராவது, செத்த கட்டடத்துக்கு முன்னால் நின்று நியாயம் கேட்டோமே, நமக்கு வெட்கமில்லையா என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். என்னைப் பேசாமல் உட்காரச் சொன்னார்கள்.

“என் கேஸு என்னாச்சு?” என்றாள் என் ஓர்ப்படி.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“தீர்ப்பு வேணாம். நான் போயி அங்க அடுப்பு மூட்டறேன். நீங்க பாயை எடுத்துக்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பெரிய தூண்களுக்கு நடுவே நடந்து வந்தோம். அவள் அன்றைக்கு எனக்குச் சின்னவளாகத் தெரியவில்லை.

உடனே வந்துவிடவில்லை அவன். மானம் என்று ஒன்று வைத்திருந்தானே. பகலெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தானாம். கேஸும் வரவில்லை, கட்சிக்காரரும் வரவில்லை. முடிவெட்டும் கடையில் இவன் தலை தெரிந்தாலே யாராவது ஒருவர் மேலே அண்ணாந்து பார்ப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். இவள் இங்கே தகரத்துக்கு அடியில் படுத்தாலும் தூங்கவில்லை, திண்டாடினாள். மழை பிடித்த ஒரு சாயங்காலம் வாசலில் ஓர் உருவம், தலையில் சுருட்டின பாய். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

“அவனே வாயைத் திறக்கட்டும், நீ கூப்பிடாதே” என்றேன் நான்.

“நனையறாரு அக்கா” என்று சொல்லி எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள். நான் சொன்னது சொன்னதுதான், இன்றைக்கும் சொல்வேன், கூப்பிட்டிருக்கக் கூடாது.

அந்தத் தொங்கின காரை இருக்கிறதே, அது விழவே இல்லை. காய்ந்து, அப்படியே இறுகி, இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அவனுக்கு அது போதாதா? இப்போது எங்கள் பின்கட்டுக்குக் காற்று வாங்க வருகிறவர்களிடம் வேறு கதை சொல்கிறான். அது விழாது என்று அவனுக்கு முன்பே தெரியுமாம். பெண்சாதி கேஸில் ஜெயிக்கட்டும் என்றுதான் வேண்டுமென்றே கத்தினானாம். உலகத்தில் எந்த நீதிபதி தன் பதவியையே விட்டுக்கொடுத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான் என்று கேட்கிறான். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். சைக்கிள் கடைக்காரர்கூட ஒரு நாள் தலையாட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேராக அவளிடம் போனேன். “இப்படிப் புளுகறானே, நீ ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? மூஞ்சி வெளிறிப்போயி உன் கால்ல விழறேன்னு கத்தினதை ஊரே பார்த்துச்சே!”

அவள் புது உறை போட்ட தலையணையைத் தட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட்டுப் போகட்டும் அக்கா” என்றாள். “இங்க உக்காந்துதானே சொல்றாரு.”